ஒரு பியானோவின் பூர்வோத்தரம்

அரசாங்கக் கோப்புகளோடு இருபது ஆண்டுகளுக்கு மேல் பழகியவனுக்கு ஒரு நோய் வந்து சேர்கிறது. எந்தப் பொருளைக் கண்டாலும் அதன் பதிவு எண் என்ன, முதல் தாள் எங்கே, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று மனம் தேடத் தொடங்கிவிடும். கோயிலுக்குச் சென்றால் சந்நிதியைத் தரிசிப்பதற்கு முன் குத்துவிளக்கின் அடிப்பாகத்தில் உபயதாரர் பெயரைப் படிக்கிறவன் நான். இதைப் பற்றி என் மனைவி கூறும் சொற்களை இம்மலரில் அச்சிட இயலாது.

நம் ஊர் இசைக்கருவிகள் இந்த நோய்க்கு இடங்கொடுப்பதில்லை. என் பாட்டியார் வாசித்த தஞ்சாவூர் வீணை இன்றும் என் தமையனார் இல்லத்தில் இருக்கிறது. அதனைப் பலாமரத்தில் குடைந்த ஆசாரி யார், எந்த ஆண்டில் செய்தார், என்ன கூலி பெற்றார் என்பது எங்கும் எழுதப்படவில்லை. வாசித்தவர் பெயர் குடும்பத்தில் நின்றது. செய்தவர் பெயர் மறைந்தது. பியானோவின் வழக்கம் இதற்கு நேர் எதிரானது. செய்தவர் பெயர் பொன்னெழுத்துகளில் கட்டைகளுக்கு மேலே, வாசிப்பவர் கண்ணுக்கு நேரே நிற்கும். பல கருவிகளில் அதனருகே ஊரும் தெருவும் இருக்கும். உள்ளே ஓர் எண்ணும் இருக்கும். வாசித்தவர்கள் யார் யாரென்று மட்டும் எவரும் எழுதி வைப்பதில்லை.

பியானோ பிறந்த செய்தியே ஒரு பொருட்பட்டியல் வாயிலாகத்தான் நமக்குத் தெரிகிறது என்பது எழுத்தர் குலத்துக்குப் பெருமை தருவதாகும். பிளாரன்ஸ் நகரில் மெடிசி இளவரசரின் இசைக்கருவிகளைக் காத்துவந்த பர்த்தலோமியோ கிறிஸ்தோஃபோரி என்பவர், கம்பியை இறகு முள்ளால் மீட்டாமல் சிறு சுத்தியலால் தட்டி, மென்மையாகவும் உரக்கவும் ஒலிக்கவல்ல கருவி ஒன்றை இயற்றினார். 1700ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட அரண்மனைக் கருவிகளின் கணக்கெடுப்பில் அது இடம்பெற்றுள்ளது. ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏறாத பொருள் உலகில் இல்லாத பொருள் என்று எங்கள் அலுவலகத்தில் சொல்வார்கள். அப்பட்டியலை எழுதிய கைக்கு என் வணக்கம்.

இருப்பினும், என்னைக் கவர்ந்த பதிவு அதற்கு நூறாண்டு பிந்தியது. லண்டன் நகரின் ஜான் பிராட்வுட் அண்டு சன்ஸ் நிறுவனத்தார் தம் பட்டறையிலிருந்து வெளியே சென்ற ஒவ்வொரு கருவியையும் ஒரு புத்தகத்தில் குறித்து வைத்தனர். நம் அலுவலகங்களில் பியூன் புத்தகம் என்கிறோமே, அதைப் போன்றது. 1817 டிசம்பர் 27ஆம் நாள் அதில் ஒரு பதிவு: ஆறு ஸ்தாயிகள் கொண்ட பெரிய பியானோ ஒன்று; எண் 7362; தகரமும் பலகையும் கொண்டு பெட்டியிட்டு ட்ரியெஸ்ட் துறைமுகத்துக்கு அனுப்பப்படுகிறது; பீத்தோவனுக்கு அன்பளிப்பு. பட்டறைக்காரருக்கு இதுவும் அன்றைய நாளின் ஒரு வரிதான்.

அந்த ஆண்டு வியன்னா சென்றிருந்த தாமஸ் பிராட்வுட், அங்கே பீத்தோவனைக் கண்டார். அதன் விளைவே இந்த அன்பளிப்பு. லண்டனில் இருந்த இசைவாணர் ஐவர் அதன் பலகையில் கையொப்பமிட்டனர். கப்பலேறி மத்தியதரைக் கடல் வழியாக ட்ரியெஸ்டை அடைந்து, அங்கிருந்து வண்டியில் மலைகளைக் கடந்து 1818இல் வியன்னா சேர்ந்தது. ஆஸ்திரிய அரசாங்கம் சுங்க வரியைத் தள்ளுபடி செய்தது. (வரித்துறை ஒன்று இசைக்காக மனமிரங்கியது வரலாற்றில் குறிக்கத்தக்கது.) அப்போது பீத்தோவனுக்குச் செவிப்புலன் ஏறக்குறைய முற்றும் போய்விட்டிருந்தது. தமக்குக் கேளாத கருவியை அவர் எவ்வளவு ஓங்கி அடித்தார் என்றால், பிற்காலத்தில் அதனைக் கண்டவர்கள், கம்பிகள் அறுந்து முட்செடிபோல் சிக்கிக் கிடந்தன என்று எழுதிவைத்தனர். 1827இல் அவர் மறைந்தபின் அது வியன்னாவின் இசைநூற் பதிப்பாளர் ஸ்பினாவிடம் சென்றது. அவர் அதனை லிஸ்ட் என்னும் பியானோ மேதைக்கு அளித்தார். 1886இல் லிஸ்டும் மறைந்தபின் புடாபெஸ்டிலுள்ள ஹங்கேரி தேசிய அருங்காட்சியகத்தை அடைந்து, இன்றும் அங்கே இருக்கிறது. உடையவர்கள் மாறினார்கள், எண் 7362 மாறவில்லை.

இந்தப் பிராட்வுட் யார்? ஸ்காட்லாந்தில் 1732இல் பிறந்த ஒரு தச்சர். மரவேலை கற்று, 1761இல் லண்டன் வந்தார். நடந்தே வந்தார் என்பது கர்ணபரம்பரை. சுவிட்சர்லாந்தின் கிளாரஸ் பகுதியிலிருந்து சிறுவனாக வந்து, லண்டனில் ஹார்ப்சிகார்டு செய்து புகழ்பெற்றிருந்த பர்க்கட் ஷூடி என்பவரின் பட்டறையில் வேலைக்கு அமர்ந்தார். 1769இல் முதலாளியின் மகள் பார்பராவை மணந்தார். மறு ஆண்டே கூட்டாளியானார். மாமனாரின் தொழிலை மருமகன் ஏற்பது நம் பட்டறைத் தெருக்களிலும் காண்பதுதான். ஆனால் இந்த மருமகன் மாமனாரின் தொழிலையே மாற்றிவிட்டார். 1793இல் அந்தப் பட்டறை ஹார்ப்சிகார்டு செய்வதை அடியோடு நிறுத்திவிட்டது.

அதற்குள் பிராட்வுட் பியானோவில் செய்த திருத்தங்கள் பல. எனக்குப் பிடித்தது 1788இல் செய்தது. மந்தர ஸ்தாயிக் கம்பிகளும் மேல் ஸ்தாயிக் கம்பிகளும் ஒரே குதிரையின் மேல் சென்றதால் இழுவிசை ஒழுங்காக அமையவில்லை. கவல்லோ என்ற இயற்பியலறிஞரையும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த டாக்டர் கிரே என்பவரையும் அவர் அணுகி யோசனை கேட்டார். அதன்பின் குதிரையை இரண்டாகப் பிரித்து, மந்தரத்துக்குத் தனிக் குதிரை வைத்தார். ஒரு தச்சர் தம் கைப்பழக்கத்தை மட்டும் நம்பாமல் படித்தவர்களிடம் சென்று கேட்டார். படித்தவர்களும் தச்சரின் கேள்விக்கு அளந்து பார்த்து விடை கூறினர். இரண்டும் அருமையானவை.

1808இல் இளைய மகன் தாமஸும் சேர்ந்தபின் நிறுவனத்தின் பெயர் 'ஜான் பிராட்வுட் அண்டு சன்ஸ்' என்றாயிற்று. 1812இல் பெரியவர் காலமானார். அடுத்த அரை நூற்றாண்டில் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேல் பியானோக்கள் அவர்கள் பட்டறையிலிருந்து வெளிவந்தன. பெரும்பாலானவை அரசவைகளுக்கோ மேதைகளுக்கோ சென்றவையல்ல. பாதிரிமார், வணிகர், படையதிகாரிகள் வீட்டுக் கூடங்களுக்குச் சென்றவை. அவற்றுள் ஒன்றைப் பற்றியே இக்கட்டுரை.

கொல்கத்தாவில் தமிழர் என்றால் லேக் மார்க்கெட் பக்கம் என்று யாவரும் அறிவர். வாடகை கட்டுப்படியாகாததால் நான் குடியிருப்பது ரிப்பன் தெருவுக்கு அருகில். அந்தக் கட்டடத்தின் மேல்மாடியில் எண்பத்துநான்கு வயதான ஆங்கிலோ-இந்திய மூதாட்டி ஒருவர் தனித்து வாழ்ந்துவந்தார். நான் அவரை 'ஆன்ட்டி' என்பேன். அவர் என்னை 'மகனே' என்பார். ஓய்வூதியத் தாள்களை நிரப்பிக் கொடுப்பதில் ஏற்பட்ட பழக்கம். சென்ற ஆண்டு, பெர்த் நகரிலுள்ள மகன் வீட்டுக்கே நிரந்தரமாகப் போய்விடுவதென்று அவர் முடிவு செய்தார். கட்டில், அலமாரி எல்லாம் போயின. எஞ்சியது ஒரு பியானோ. சுவரை ஒட்டி நிமிர்ந்து நிற்கும் வகை.

அதை உடன் கொண்டுசெல்வது எளிதன்று. கட்டைகளின் மேல் ஒட்டியிருப்பது யானைத் தந்தம். அத்தகைய பொருள் நாடு விட்டு நாடு செல்ல இரு அரசாங்கங்களின் அனுமதியும் வேண்டும். பழைய சாமான் தரகர் ஒருவர் வந்து, தட்டிப் பார்த்து, பித்தளைக்கும் பலகைக்கும் ஒரு விலை சொன்னார். இசைக்கருவி என்ற வகையில் அதற்கு அவர் வைத்த விலை பூஜ்யம்.

ஆன்ட்டிக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தப் பியானோவுக்கு ஒரு குடும்பக் கதை இருந்தது. 1854இல் ஹௌராவிலிருந்து முதல் ரயில் புறப்பட்ட காலத்தில் அவருடைய கொள்ளுப்பாட்டனார் என்ஜின் ஓட்டியவர். ஒரு விபத்தைத் தவிர்த்ததற்காகத் துரைமார் அவருக்கு அளித்த பரிசு அந்தப் பியானோ என்பது கதை. கொள்ளுப்பாட்டனாரின் படம் சுவரில் நடுநாயகமாக மாட்டியிருந்தது. "இதை எழுதிக் கொடு, மகனே. ஆபீஸ் காகிதம்போல் எழுது. படித்துப் பார்த்தால் எவனும் விறகு விலை சொல்ல மாட்டான்" என்றார் அவர்.

எழுதுவதற்கு முன் ஆதாரம் பார்ப்பது என் தொழில். மூடியைத் திறந்து பெயர்ப் பலகையைத் துடைத்தேன். ஜான் பிராட்வுட் அண்டு சன்ஸ். ஆகவே, 1808க்குப் பிந்தியது. 'மாட்சிமை தங்கிய மகாராணியாருக்குக் கருவி செய்வோர்' என்றிருந்தது. மகாராணி என்றால் விக்டோரியா. 1837 முதல் 1901 ஜனவரி வரை. முகவரி, கிரேட் புல்ட்னி தெரு. மாமனார் ஷூடி 1742இல் குடிபுகுந்த அதே தெரு. நிறுவனம் அதை விட்டு நீங்கியது 1904இல். கடிதத்தில் தேதி விட்டுப்போனால் தலைப்பு அச்சைக் கொண்டு காலம் கணிப்பதில்லையா, அதுபோலத்தான். இதுவரை கொள்ளுப்பாட்டனாரின் கதைக்குக் குறுக்கே எதுவும் நிற்கவில்லை.

முன்பலகையைக் கழற்றியதும் நின்றது. உள்ளே முழுமையான வார்ப்பிரும்புச் சட்டம். இருநூறுக்கு மேற்பட்ட கம்பிகளின் இழுவிசை பல டன்களாகும். மரச்சட்டம் நாளடைவில் வளைந்து சுருதி இறங்கும். இதற்கு மாற்றாக ஒரே வார்ப்பான இரும்புச் சட்டத்துக்கு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பாப்காக் என்பவர் 1825இல் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்துப் பட்டறைகள், அவற்றுள்ளும் பிராட்வுட், அதனை முழுதாக ஏற்கப் பல பத்தாண்டுகள் தயங்கின. 1854இல் இப்படி ஒரு சட்டம் அவர்களுடைய நிமிர்ந்த பியானோவில் இருப்பதற்கில்லை. சட்டத்துக்கு அருகில் எண் இருந்தது. பியானோக்களின் எண்களை ஆண்டுவாரியாகத் தரும் நூல்கள் உண்டு. வகை பார்த்து, வரிசை பார்த்து, மூன்று முறை சரிபார்த்தேன். 1890களின் பிற்பகுதி. கொள்ளுப்பாட்டனார் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இறந்து, அவர் கல்லறைக் கல்லின் வாசகமும் அதே சுவரில் சட்டமிட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது.

அதை உடனே சென்று சொல்ல மனம் வரவில்லை. இரண்டு மூன்று சனிக்கிழமைகள் அலிப்பூர் தேசிய நூலகத்தில் கழிந்தன. அங்கே நான் தேடாத ஒன்று கிடைத்தது. பிராட்வுட் நிறுவனத்தில் ஹிப்கின்ஸ் என்று ஒருவர். 1840இல், பதினான்கு வயதில், பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் வேலை பழகச் சேர்ந்தவர். வாழ்நாள் முழுவதும் அங்கேயே இருந்தார். நம் மொழியில் சொன்னால் கடைநிலை ஊழியராகச் சேர்ந்து மேலே வந்தவர். பன்னிரண்டு சுரங்களையும் சம இடைவெளியில் அமைக்கும் முறையை 1846இல் அந்தப் பட்டறையில் கொண்டுவந்தவர் அவரே. ஷோப்பேன் 1848இல் லண்டன் வந்தபோது அவருடைய பியானோக்களைக் கவனித்துக்கொண்டவரும் அவரே. எல்லிஸ் என்னும் அறிஞர் பல நாட்டுச் சுர வரிசைகளை அளந்து 1885இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். இசைக்கு ஒரே இயற்கையான சுர வரிசை உண்டென்பது பொய், நாட்டுக்கு நாடு அது வேறு என்பது அதன் முடிவு. அந்த அளவைக்குக் காது கொடுத்து உதவியவர் ஹிப்கின்ஸ்.

இதற்கு மேல் ஒன்று. தென்னிந்தியாவிலும் தக்காணத்திலும் வழங்கும் இசையையும் இசைக்கருவிகளையும் பற்றி ஆங்கிலப் படை அதிகாரி சி. ஆர். டே என்பவர் எழுதிய பெருநூல் 1891இல் லண்டனில் வெளிவந்தது. வீணை, தம்பூரா, நாகசுரம் எல்லாம் அதில் உண்டு. அதற்கு முன்னுரை எழுதியவர் இதே ஹிப்கின்ஸ். தோடியின் காந்தாரத்தை ஏந்த முடியாத கருவி என்று பியானோவை நாம் ஏளனம் செய்வதுண்டு. நானும் செய்திருக்கிறேன், இன்றும் அதுவே என் கருத்து. தட்டியபின் சுரத்தை அசைக்க வழியில்லாத கருவியில் கமகம் ஏது? ஆனால் அந்தக் கருவிக்குச் சம சுருதி வகுத்த மனிதரே, நம் வீணையைப் பற்றிய நூலுக்கு முன்னுரை எழுத ஒப்பினார் என்பதைப் படித்த அன்று மாலை, டிராமில் திரும்பும்போது என் பாட்டியாரின் வீணையை நினைத்துக்கொண்டே வந்தேன்.

இவ்வூரிலும் பியானோவுக்கு நல்ல பேறு உண்டு. ஜோராசாங்கோ தாகூர் மாளிகையில் அண்ணன் ஜோதிரிந்திரநாதர் பியானோவில் மெட்டுகளை வாசித்துச் செல்ல, இளைஞர் ரவீந்திரநாதர் அருகமர்ந்து சொற்களைப் பொருத்துவாராம். ரவீந்திரரே தம் நினைவு நூலில் இதைக் கூறியிருக்கிறார்.

இனி ஆன்ட்டியிடம் சொல்லியாக வேண்டும். அதற்குமுன் ஒரு ட்யூனரை அழைத்துவந்தேன். எழுபதைக் கடந்தவர், தந்தையும் அதே தொழில். கொல்கத்தாவின் மழைக்கால ஈரத்தில் ஒலிப்பலகை உப்புவதும், பங்குனி வெயிலில் சுருங்கி வெடிப்பதும், சுத்தியலின் கம்பளியைப் பூச்சி தின்பதும் அவருக்கு அத்துபடி. பிரடைகளை ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்து, "பிடிப்பு இருக்கிறது; விறகு அல்ல" என்றார். பிறகு, நான் கேட்காமலே, மந்தரத்தின் கடைசிக் கட்டையைப் பல் பிடுங்குவதுபோல் மெல்ல உருவி எடுத்து, அதன் பக்கவாட்டை வெளிச்சத்தில் காட்டினார். வெள்ளை மரத்தில் பென்சில் எழுத்துகள். சுருதி சேர்க்க வருகிறவர்கள் நாளும் ஊரும் குறித்து, கட்டையைத் திரும்பச் செருகிவிடுவது அவர்கள் வழக்கமாம். லண்டன் புத்தகத்தின் தொடர்ச்சி இங்கே கட்டைக்கடியில் இருந்தது. கடைசிக் குறிப்பு 1971, கல்கத்தா. அதற்கு மேல் சில. எல்லாவற்றுக்கும் மேலே, மங்கிப்போய், 1899, ஜமால்பூர்.

முங்கேர் அருகிலுள்ள ஜமால்பூரில் கிழக்கிந்திய ரயில்வேயின் பெரிய தொழிற்சாலை 1862 முதல் இயங்கிவருகிறது. ஆன்ட்டியின் பாட்டனார் அங்கே பொருத்துநராக இருந்தவர் என்று எப்போதோ சொல்லியிருந்தார். அவர் படம் சுவரில் இல்லை. குடித்தார், சேவற்சண்டையில் பணத்தை விட்டார், குடும்பத்துக்கு ஒரு துரும்பும் சேர்க்கவில்லை என்பது அத்தைமார் சொல்லிச்சென்ற வரலாறு.

சட்டத்தைப் பற்றியும் எண்ணைப் பற்றியும் மகாராணியைப் பற்றியும் முறையாக எடுத்துரைத்தேன். அவர் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். இங்கிலாந்தில் சர்ரே மாவட்ட ஆவணக் காப்பகத்தில் பிராட்வுட் கணக்குப் புத்தகங்கள் பத்திரமாக இருக்கின்றன, எழுதிக் கேட்கலாம், ஆனால் பெரும்பாலும் ஏதேனும் ஒரு கடைக்காரர் பெயர்தான் அதில் இருக்கும் என்றும் சொன்னேன். அவர் அந்தக் கட்டையை வாங்கி, மூக்குக்கண்ணாடியை உயர்த்திக்கொண்டு, 1899ஐ வெகுநேரம் பார்த்தார்.

"அப்படியானால் இதைத் தாத்தாவா வாங்கினார்? ஜமால்பூர்ச் சம்பளத்திலா?"

"ஆதாரம் அப்படித்தான் சொல்கிறது, ஆன்ட்டி."

"எத்தனை மாதச் சம்பளமாக இருக்கும், மகனே?"

எனக்கு விடை தெரியவில்லை. பல மாதங்கள் இருக்கும் என்றேன். "என் அப்பாவும் அத்தைமார்களும் இதில்தான் கற்றார்கள். பாட்டு சொல்லிக் கொடுத்துத்தான் பெரிய அத்தை கடைசிவரை சாப்பிட்டாள்" என்று சொல்லிவிட்டு எழுந்து, உள்ளே போய், பயணத்துக்குக் கட்டி வைத்திருந்த பெட்டி ஒன்றைத் திறந்து எதையோ தேடினார். கிடைக்கவில்லை. படம் ஒன்று இருந்தது, எங்கே வைத்தேனோ என்று முணுமுணுத்தார்.

பக்கத்திலுள்ள பள்ளி ஒன்று பியானோவைப் பெற்றுக்கொள்ள ஒப்புக்கொண்டது. விலை தரகர் சொன்னதைவிடக் குறைவு; ஆயினும், வாசிக்கும் நிபந்தனையோடு. 'ஆபீஸ் காகிதம்போல்' ஒரு பக்கக் குறிப்பு எழுதித் தட்டச்சிட்டு, மூடியின் உட்புறம் ஒட்டுவதற்குக் கொடுத்தேன். அதில் 'பரிசு' என்ற சொல் இல்லை. 'ஜமால்பூர் ரயில்வே தொழிற்சாலைப் பொருத்துநர் ஒருவரால் வாங்கப்பெற்றது' என்றிருந்தது. ஆன்ட்டி படித்துவிட்டு, பொருத்துநர் என்பதை நீக்கி, தம் பாட்டனாரின் பெயரைக் கையால் எழுதினார்.

ட்யூனர் வேலையை முடிக்க நான்கு நாள் ஆயிற்று. கடைசி நாள், மந்தரக் கட்டையைச் செருகுமுன் சட்டைப் பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து, பிளேடால் சீவி, 1971க்குக் கீழே அன்றைய தேதியை எழுதினார். ஊர்ப் பெயரை எப்படி எழுதுவது, புதியதா பழையதா என்று ஆன்ட்டியைக் கேட்டார். "கல்கத்தா என்றே எழுதுங்கள்" என்றார் அவர். அவ்வாறே எழுதிக் கட்டையைத் தள்ளி, ஒரு முறை தட்டிப் பார்த்தார்.